லேப்டாப்பின் சாவி மாணவர் கையில் இருக்கட்டும்: நான் படித்த கல்லூரிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும், கணினித் துறைத் தலைவர் அவர்களுக்கும், கொள்முதல் குழுவினருக்கும்,

வரும் கல்வியாண்டில் கணினி அறிவியலிலும் இணையப் பாதுகாப்புப் பிரிவிலும் சேரும் முதலாண்டு மாணவர்கள் அனைவரும் கல்லூரி சொல்லும் ஒரே மாடல் லேப்டாப்பை, கல்லூரி வழியாகவே வாங்க வேண்டும் என்று நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை போன வாரம் என் கைக்கு வந்தது. விலை 62,000 ரூபாய். ரேம் 8 ஜிபி, அதுவும் போர்டிலேயே பற்றவைத்தது. கூடுதலாகச் செருக இடம் கிடையாது. விண்டோஸ் மட்டும் இருக்கும். மென்பொருள் நிறுவவும் அமைப்புகளை மாற்றவும் தேவைப்படும் அட்மின் கடவுச்சொல் துறையிடம் இருக்கும். நான்காவது பத்தியில், பாதுகாப்புக் காரணங்களுக்காக லினக்ஸ் உள்ளிட்ட வேறு எந்த இயங்குதளத்தையும் நிறுவக் கூடாது, மீறினால் லேப்டாப் பறிமுதல் செய்யப்படும் என்று எழுதியிருக்கிறீர்கள்.

நான் 2009இல் இங்கே படித்து முடித்தேன். அதற்குப் பிறகு பெரும்பாலான ஆண்டுகள் மென்பொருள்களில் உள்ள பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடிக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் என் வேலை. மூன்று ஆண்டுகளாக, நீங்கள் கேட்டுக்கொண்டதால், மாதம் இரண்டு சனிக்கிழமை வந்து இறுதியாண்டு மாணவர்களுக்கு லேப் எடுக்கிறேன். அந்த லேபில் நாங்கள் செய்யும் வேலையில் பெரும்பகுதி லினக்ஸில்தான் நடக்கிறது என்பது துறைக்குத் தெரியும். பாடத்திட்டத்தில் இருப்பதைச் செய்தால் லேப்டாப் பறிபோகும் என்ற நிலைக்கு இந்தச் சுற்றறிக்கை மாணவர்களைத் தள்ளுகிறது. அதை நான் பேசாமல் கடந்துபோக முடியாது.

தடைக்குக் காரணம் என்னவென்று கேட்டேன். டிசம்பரில் ஆண்கள் விடுதியில் நான்கு நாட்கள் வைஃபை அடிக்கடி அறுந்தது, ஒரு மாணவர் காளி லினக்ஸை (பாதுகாப்பைச் சோதிக்கும் தாக்குதல் கருவிகளோடு வரும் லினக்ஸ் வகை) வைத்துக்கொண்டு மற்றவர்களின் இணைப்பைத் துண்டித்துக்கொண்டிருந்தார் என்று சொன்னார்கள். அந்த மாணவர் செய்தது தவறு. நடவடிக்கை எடுத்ததும் சரி. ஆனால் அந்தத் தாக்குதல் எப்படி நடந்தது என்பதைக் குழுவில் யாராவது விசாரித்தீர்களா? பழைய முறையில் அமைத்த வைஃபையில், ஒரு கருவியைப் பார்த்து 'இணைப்பை விட்டு விலகு' என்று ரவுட்டர் சொல்லும் செய்திக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. ரவுட்டரின் பெயரில் யார் வேண்டுமானாலும் அதை அனுப்பலாம், கருவியும் நம்பி விலகிவிடும். இதைத் தடுக்கும் தரம் 802.11டபிள்யூ என்ற பெயரில் 2009இலேயே வந்துவிட்டது. 2018இல் வந்த டபிள்யூபிஏ3 என்ற வைஃபை பாதுகாப்பு முறை அதைக் கட்டாயமாக்கிவிட்டது. விடுதி ரவுட்டர்களில் அந்த அமைப்பு அணைத்தே கிடக்கிறது. போன சனிக்கிழமை நான் பார்த்தேன், அன்றைக்கும் அணைத்துத்தான் இருந்தது. இதே துண்டிப்பைச் செய்ய லேப்டாப்பே வேண்டாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இஎஸ்பி8266 என்ற சின்னப் போர்டு போதும், தீப்பெட்டி அளவுதான் இருக்கும். லினக்ஸைத் தடை செய்த பிறகும் விடுதியின் கதவு திறந்தேதான் கிடக்கிறது.

இப்போது, நீங்கள் பாதுகாப்பானது என்று கருதும் ஏற்பாட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். போன ஆண்டு இறுதியாண்டில் இருந்த ஒரு மாணவி. தென்காசிப் பக்கம் ஊர். அம்மா பீடி சுற்றுகிறவர். சுய உதவிக் குழுவில் கடன் வாங்கி 54,000 ரூபாய்க்கு லேப்டாப் வாங்கிக் கொடுத்திருந்தார். கடைக்கார அண்ணாச்சி நல்ல எண்ணத்தோடு, பெட்டியைப் பிரித்து எல்லாவற்றையும் அமைத்து, 'நேரா வீட்டுக்குப் போய்ப் படிக்க வேண்டியதுதான்' என்று கொடுத்திருக்கிறார். அமைக்கும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்டது. அந்தப் பெண்ணிடம் அப்போது கணக்கு இல்லை. கடையின் கணக்கைப் போட்டு முடித்துவிட்டார்கள்.

விண்டோஸ் 11 வரும் பெரும்பாலான புது லேப்டாப்புகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்த உடனே வட்டு முழுவதும் தானாகவே மறையாக்கம் ஆகிவிடும், அதாவது சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்கும் 48 இலக்க மீட்புச் சாவி அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். இது நல்ல அம்சம்தான். பேருந்தில் லேப்டாப் தொலைந்தாலும் தகவல் யாருக்கும் கிடைக்காது. ஆனால் தன் வட்டு பூட்டியிருக்கிறது என்பதே அந்த மாணவிக்குத் தெரியாது. சாவி யார் பெயரில் இருக்கிறது என்பதும் தெரியாது.

மூன்றரை ஆண்டு கழித்து, லேபுக்காகக் காளி லினக்ஸை நேரடியாக நிறுவப் பார்த்தார். செக்யூர் பூட்டை, அதாவது கணினி எழும்போது நம்பகமான கையொப்பம் உள்ள நிரலை மட்டும் ஓடவிடும் காவலை, அணைக்கச் சொல்லி ஒரு வீடியோவில் பார்த்து அணைத்தார். நீலத் திரை வந்து மீட்புச் சாவி கேட்டது. பயந்துபோய் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றினார். அதில், வட்டைத் தானாகத் திறக்கும் சாவியை வைத்திருக்கும் டிபிஎம் சில்லுக்குள் இருப்பதை அழிக்கும் வாய்ப்பையும் அழுத்திவிட்டார். செக்யூர் பூட்டை மட்டும் திரும்பப் போட்டிருந்தால் பிழைத்திருக்கும். டிபிஎம்-ஐ அழித்த பிறகு அந்த 48 இலக்கத்தைத் தவிர வேறு வழியில்லை. கடைக்கு ஓடினார். கணக்கை உருவாக்கிய ஊழியர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது, கடவுச்சொல்லும் யாருக்கும் நினைவில்லை. எட்டு வாரப் பிராஜெக்டில் பாதி கிட் களஞ்சியத்தில் (நிரலின் பிரதியை வெளியே சேமிக்கும் இடம்) இருந்ததால் தப்பியது. மீதி போனது போனதுதான். வைவாவுக்கு ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளில் அவர் தூங்கியதாக எனக்கு நினைவில்லை. "சார், என் லேப்டாப்தானே, என்னால ஏன் திறக்க முடியல?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

நடந்ததில் லினக்ஸின் குற்றம் எது, விண்டோஸின் குற்றம் எது என்று பிரித்தால் விஷயம் நழுவிவிடும். தன் கணினியின் சாவி தன் கையில் இல்லை, அது இல்லை என்பதும் தெரியாது. குற்றம் அங்கேதான். உங்கள் சுற்றறிக்கை இதே நிலையை முதலாண்டு மாணவர்கள் எல்லோருக்கும் விதியாக்குகிறது. அட்மின் கடவுச்சொல் துறையிடம் இருக்கும் என்றால், மீட்புச் சாவிகள் எந்தக் கணக்கில் போய்ச் சேரும்? அந்தக் கணக்கை யார் வைத்திருப்பார்கள்? அவர் வேலை மாறினால் என்ன ஆகும்? சுற்றறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. அத்தனை லேப்டாப்புகளுக்கும் ஒரே அட்மின் கடவுச்சொல் வைத்தால் அது ஒரு நாள் கசியும், கசிந்த அன்று எல்லா லேப்டாப்பும் திறந்துகொள்ளும். பாதுகாப்பு வேலையில் இருக்கும் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

சரி, அந்த மாணவி லினக்ஸ் நிறுவ வேறு வழி இருந்ததா? இருந்தது. அதை முதலாண்டிலேயே யாராவது அரை மணி நேரம் ஒதுக்கிச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். உபுண்டு, ஃபெடோரா, ஓப்பன்சூசே போன்ற லினக்ஸ் வகைகளின் தொடக்க நிரல் மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பத்தோடு வருகிறது. டெபியனும் 2019இல் வந்த பத்தாம் பதிப்பிலிருந்து அப்படித்தான். இவற்றை நிறுவ செக்யூர் பூட்டை அணைக்கவே தேவையில்லை. காளிதான் அணைக்கச் சொல்லும். அதனால்தான் நான் லேபில் ஒவ்வொரு ஆண்டும் சொல்கிறேன்: அன்றாட வேலைக்கு டெபியனோ உபுண்டுவோ ஃபெடோராவோ வைத்துக்கொள்ளுங்கள், காளியை அதற்குள் மெய்நிகர் கணினியாக, அதாவது மென்பொருளால் உருவாகும் இன்னொரு கணினியாக, ஓட்டுங்கள். தாக்குதல் கருவிகள் நிறைந்த ஒரு கணினியிலிருந்து வங்கிக் கணக்கைத் திறக்கும் பழக்கம் வேண்டாம். தெரியாத கோப்பைத் திறந்து பார்க்க வேண்டுமா, மெய்நிகர் கணினியில் திற. கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திருப்பு. நிறுவும்போதே வட்டை லினக்ஸின் லக்ஸ் முறையில் மறையாக்கம் செய், கடவுச்சொற்றொடரைக் காகிதத்தில் எழுதி வீட்டில் அம்மாவின் பீரோவில் வை. மாணவர்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் செய்வார்கள்.

இப்படி வேலை செய்ய வேண்டுமென்றால் ரேம் வேண்டும். நீங்கள் தேர்ந்தெடுத்த லேப்டாப்பில் என்னை அதிகம் வருத்துவது அந்த 8 ஜிபிதான். எங்கள் லேபின் ஐந்தாவது பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தாக்கும் கணினியாக ஒரு காளி, அதற்கு 4 ஜிபி. தாக்கப்படும் கணினியாக ஒரு விண்டோஸ், அதற்கு 4 ஜிபி. இவை இரண்டையும் தாங்கும் இயங்குதளத்துக்கும், திறந்திருக்கும் உலாவிக்கும், எழுதும் எடிட்டருக்கும் சேர்த்து இன்னொரு 5 ஜிபி. 13 ஜிபி ஆகிவிட்டது. 8 ஜிபி லேப்டாப் வைத்திருக்கும் மாணவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? இரண்டு பேர் சேர்ந்து உட்கார்கிறார்கள். ஒருவர் லேப்டாப்பில் தாக்கும் கணினி, இன்னொருவர் லேப்டாப்பில் தாக்கப்படும் கணினி. வீட்டுக்குப் போனால் பயிற்சி நின்றுவிடும். ஆண்ட்ராய்டு செயலி எழுதும் பிள்ளைகள் கணினிக்குள் போனைப் போல ஓடும் எமுலேட்டரைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள்.

ஸ்லாட் இருந்தால் பிறகு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். 2025இன் கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிறது என்பது உண்மை. இன்றைக்கு 16 ஜிபி எல்லோராலும் வாங்க முடியாமல் போகலாம். அப்படியானால் ஸ்லாட் இருக்கும் 8 ஜிபி லேப்டாப்பை வாங்கி, விலை இறங்கும்போதோ கையில் காசு வரும்போதோ ஏற்றிக்கொள்ளலாம். பற்றவைத்த ரேமில் அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது. முதலாண்டில் வாங்கியது நான்கு ஆண்டு தாங்க வேண்டும், சொல்லப்போனால் வேலை கிடைத்து முதல் சம்பளம் வரும் வரை தாங்க வேண்டும். 62,000 ரூபாய் கொடுத்து இரண்டாம் ஆண்டிலேயே திணறும் ஒன்றை வாங்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

விண்டோஸுக்குள்ளேயே டபிள்யூஎஸ்எல் என்று லினக்ஸ் இருக்கிறதே, அது போதாதா என்று துறையில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நிரல் எழுதப் பழக அது நன்றாகவே இருக்கிறது, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதை இயக்கி வைக்கவே அட்மின் அனுமதி வேண்டும். அது மாணவரிடம் இருக்காது. அதுவும் உள்ளுக்குள் ஒரு மெய்நிகர் கணினிதான், அந்த 8 ஜிபியில் பங்கு கேட்கும். வைஃபை பயிற்சிக்குச் செருகும் யூஎஸ்பி கருவியை அது நேரடியாகப் பிடிக்காது. இயங்குதளத்தின் மையத்தில் ஓடும் கெர்னல் மாட்யூல் எழுதுவது, கணினி எழும் வரிசையைப் பார்ப்பது போன்றவற்றுக்கு அது பொருந்தாது. 2024 நவம்பரில் பூட்கிட்டி என்ற ஒன்றைப் பற்றி ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் எழுதினார்கள். லினக்ஸ் கணினி எழும் நிலையிலேயே உள்ளே புகுந்துகொள்ளும் நிரல் அது. அதை எழுதியவர்கள் தென்கொரியாவின் ஒரு பாதுகாப்புப் பயிற்சித் திட்டத்தில் இருந்த மாணவர்கள் என்று பிறகு தெரியவந்தது. இப்படியும் ஆபத்து வரலாம் என்று காட்டுவதற்காகச் செய்த பிராஜெக்ட். அங்கே மாணவர்கள் அந்த ஆழத்தில் வேலை செய்கிறார்கள். இணையப் பாதுகாப்பு என்று பெயர் வைத்த பட்டப்படிப்பில் நம் பிள்ளைகள் பூட் மெனுவைத் தொட்டால் பறிமுதல்.

லினக்ஸ் வைத்தாலே கணினி பாதுகாப்பாகிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் கருவிக்குள் யாரோ பொறுமையாக ஒரு பின்வாசலை வைத்திருந்தது தெரியவந்தது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் உலகமெங்கும் உள்ள லினக்ஸ் சர்வர்களுக்குள் அது போய்ச் சேர்ந்திருக்கும். அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃப்ராயண்ட், மைக்ரோசாஃப்ட்டில் வேலை பார்ப்பவர். தொலைவிலிருந்து நுழைவது வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாகிறதே என்று உறுத்தியிருக்கிறது, தோண்டிப் பார்த்துவிட்டார். தோண்டிப் பார்க்க அவருக்கு முடிந்தது, அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. என் மாணவர்களிடம் நான் வளர்க்க நினைப்பது அந்த உறுத்தலைத்தான். பூட்டிய பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டு அதை வளர்க்க எனக்குத் தெரியவில்லை.

இயங்குதளத்துக்கும் கீழே ஒரு அடுக்கு இருக்கிறது. கொள்முதல் குழு அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. 2023 டிசம்பரில் லோகோஃபெயில் என்ற ஓட்டைகள் வெளியாயின. கணினியை இயக்கியதும் நிறுவனத்தின் சின்னம் திரையில் வருமே, அந்தப் படத்தைப் படிக்கும் நிரலில் இருந்த குறைகள் அவை. விண்டோஸோ லினக்ஸோ எது இருந்தாலும் பாதிப்பு உண்டு, தயாரித்தவர் ஃபர்ம்வேருக்கு (இயங்குதளத்துக்கு முன்பே ஓடும் அடிப்படை நிரல்) புதுப்பிப்பு கொடுத்தால்தான் தீரும். செக்யூர் பூட்டுக்கான மைக்ரோசாஃப்ட்டின் 2011ஆம் ஆண்டுச் சான்றிதழ்களின் ஆயுளும் 2026இல் முடிகிறது, புதிய சான்றிதழ்கள் கணினிக்குள் போய்ச் சேர வேண்டும். அதனால் லேப்டாப் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்விகளில் ஒன்று, எத்தனை ஆண்டுகளுக்கு, எந்த வழியில் ஃபர்ம்வேர் புதுப்பிப்பு தருவார்கள் என்பது. லெனோவோவின் திங்க்பேட், டெல்லின் லாட்டிட்யூட், எச்பியின் எலைட்புக் போன்ற அலுவலக வரிசைகளில் பல மாடல்களுக்கு எல்விஎஃப்எஸ் என்ற பொதுச் சேவை வழியாகப் புதுப்பிப்பு வருகிறது. லினக்ஸில் இருந்தபடியே ஒரு கட்டளையில் போட்டுக்கொள்ளலாம். உங்கள் சுற்றறிக்கையில் உள்ள மாடலுக்கு விண்டோஸில் மட்டும் ஓடும் கோப்பாகவே புதுப்பிப்பு கிடைக்கிறது. அட்மின் கடவுச்சொல் இல்லாத மாணவர் அதையும் போட முடியாது. அப்படியானால் அத்தனை லேப்டாப்புகளுக்கும் துறையிலிருந்து ஒருவர் உட்கார்ந்து போடப்போகிறாரா?

வைஃபை சில்லும் இப்படித்தான். விளம்பரத்தில் வைஃபை 6 என்று மட்டும் இருக்கும், எந்தச் சில்லு என்று இருக்காது. இன்டெல் சில்லு என்றால் லினக்ஸில் பெரும்பாலும் தொந்தரவில்லை. மீடியாடெக்கின் எம்டி7902 சில்லுக்கு நீண்ட காலம் லினக்ஸ் டிரைவரே (சில்லை இயக்கும் மென்பொருள்) இருக்கவில்லை. என் லேபில் இரண்டு மாணவர்கள் அந்தச் சில்லு உள்ள லேப்டாப்பை வாங்கிவிட்டு, போனை யூஎஸ்பியில் செருகி இணையம் எடுத்தே ஒரு செமஸ்டர் முழுவதும் ஓட்டினார்கள். புது மாடல்கள் சிலவற்றில் கேமரா வேலை செய்யாது, சிலவற்றில் விரல்ரேகை பிடிக்காது. மூடிப் பையில் வைத்தால் தூங்காமல் சூடாகி பேட்டரி தீரும் மாடல்களும் உண்டு. என்விடியா கார்டு உள்ள கேமிங் லேப்டாப் இந்தப் படிப்புக்குத் தேவையில்லை. எடையும் சூடும் கூடும், டிரைவர் தொல்லையும் சேரும்.

இவற்றையெல்லாம் வாங்கும் முன்பே பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். உபுண்டு ஏற்றிய பென் டிரைவ் ஒன்றைக் கடைக்குக் கொண்டு போங்கள். எதையும் நிறுவாமல் அதிலிருந்தே கணினியை எழுப்புங்கள். வைஃபை தெரிகிறதா, ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா, மூடித் திறந்தால் எழுகிறதா என்று பாருங்கள். நான் என் அக்கா மகனுக்கு வாங்கும்போது நெல்லை ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் இப்படித்தான் செய்தேன். கடைக்காரரே ஆர்வமாகப் பக்கத்தில் நின்று பார்த்தார். கொள்முதல் குழு ஒப்பந்தம் போடும் முன் ஒரு மாதிரி லேப்டாப்பை வாங்கி இப்படிச் சோதித்திருந்தால் இந்த மடலில் பாதியை நான் எழுத வேண்டியிருந்திருக்காது.

விலைக்கு வருகிறேன். சென்ற ஆண்டு சென்னை ரிச்சி தெருவில், அலுவலகத்தில் ஓடி வந்த பழைய திங்க்பேட் டி480 ஒன்றை 19,500 ரூபாய்க்கு வாங்கினேன். 2018இல் வந்த மாடல். ரேமுக்கு இரண்டு ஸ்லாட் உண்டு. பின்பக்க பேட்டரியைத் திருகு கழற்றாமலே மாற்றலாம். கீபோர்டு தேய்ந்தால் வேறு கிடைக்கும். 16 ஜிபி போட்டு டெபியன் நிறுவியிருக்கிறேன். உங்கள் வளாகத்தில் சனிக்கிழமை நான் லேப் எடுப்பது அதில்தான். பழையதில் எச்சரிக்கை வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன்: பயாஸில் பழைய அலுவலகத்தின் கடவுச்சொல் இருக்கிறதா, தொலைந்தால் முடக்கும் கம்ப்யூட்ரேஸ் என்ற மென்பொருள் இன்னும் இயங்குகிறதா, பேட்டரியில் எத்தனை சதவீதம் மிச்சம், வட்டு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. மூன்று மாதமாவது கடை உத்தரவாதம் எழுதி வாங்க வேண்டும். எல்லோரும் பழையது வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. 62,000 ரூபாய் கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கு 25,000 ரூபாய்க்குள் நல்ல வழி இருக்கிறது, அதை உங்கள் சுற்றறிக்கை மூடுகிறது. அக்காவும் அண்ணனும் பயன்படுத்திய லேப்டாப் எத்தனை வீடுகளில் கிடக்கிறது! விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, 11ஐ ஏற்காத அந்தக் கணினிகள் லினக்ஸில் இன்னும் சில ஆண்டுகள் நன்றாக உழைக்கும்.

லினக்ஸ் என்றால் ஏதோ திருட்டுத்தனமான சமாச்சாரம் என்ற எண்ணம் பெற்றோர் கூட்டத்தில் பேசிய ஒருவருக்கு இருந்ததாகக் கேள்விப்பட்டேன். மத்திய அரசின் கணினி ஆய்வு அமைப்பான சி-டாக்கின் சென்னை மையம் பல ஆண்டுகளாக பாஸ் என்ற இந்திய லினக்ஸை வெளியிட்டு வருகிறது. 2011இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினியில் அதைப் பார்த்தவர்கள் உங்கள் ஆசிரியர்களிலேயே இருப்பார்கள். கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கைட் என்ற அரசு அமைப்பு தரும் லினக்ஸில்தான் கணினி படிக்கிறார்கள். பாதுகாப்பு அமைச்சகம் தன் கணினிகளுக்கு மாயா என்ற லினக்ஸைக் கொண்டுவருவதாக 2023இல் செய்தி வந்தது. உலகின் வேகமான 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017 நவம்பரிலிருந்து லினக்ஸில்தான் ஓடுகின்றன. வேலைக்குப் போகும் உங்கள் மாணவர் முதல் நாளிலேயே தொடப்போகும் சர்வரும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

உங்கள் பக்கம் உள்ள சிக்கலும் எனக்குத் தெரியும். ஆன்லைன் தேர்வு மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடுகிறது. பழுது பார்க்க ஒரே மாடல் இருந்தால் வசதி. மொத்தமாக வாங்கினால் விலை கொஞ்சம் குறையும். தேர்வு செமஸ்டருக்கு ஐந்தாறு நாள். அந்த நாட்களில் கல்லூரி லேபில் இருக்கும் கணினிகளில் எழுதவைக்கலாம். மீதி நாட்களை அந்த ஐந்தாறு நாளுக்காகப் பூட்டிவைக்க வேண்டாம். விண்டோஸிலேயே இருக்க விரும்பும் மாணவரும் இருக்கட்டும், அவரிடமும் அவருடைய சாவி இருக்கட்டும்.

ஆகவே நான் கேட்பது இவை. சுற்றறிக்கையின் நான்காவது பத்தியை மாணவர் சேர்க்கை தொடங்கும் முன் திரும்பப் பெறுங்கள். லினக்ஸ் நிறுவுவது தவறு என்ற சொல் கல்லூரியின் எந்த ஆவணத்திலும் இருக்க வேண்டாம், அடுத்தவர் இணைப்பைத் துண்டிப்பது தவறு என்று எழுதுங்கள். அட்மின் கடவுச்சொல்லையும் மறையாக்க மீட்புச் சாவியையும் மாணவர் பெயரிலேயே, மாணவர் கையிலேயே கொடுங்கள். கல்லூரி ஒரு பிரதியும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரே மாடலைக் கட்டாயமாக்குவதை விட்டு, குறைந்தபட்சத் தகுதிகளை மட்டும் வெளியிடுங்கள்: 16 ஜிபி ரேம், இல்லையென்றால் 8 ஜிபியோடு காலியாக ஒரு ஸ்லாட், லினக்ஸ் டிரைவர் உள்ள வைஃபை சில்லு, மெய்நிகராக்க வசதி உள்ள செயலி, ஃபர்ம்வேர் புதுப்பிப்பு தரும் தயாரிப்பாளர். பழைய லேப்டாப்பையும் வீட்டில் இருக்கும் லேப்டாப்பையும் ஏற்றுக்கொள்ளுங்கள். மொத்தக் கொள்முதல் வேண்டுமென்றால் விரும்புவோருக்கு மட்டும் செய்யுங்கள், ஒப்பந்தம் போடும் முன் மாதிரி ஒன்றை லினக்ஸ் பென் டிரைவில் சோதித்து முடிவைப் பலகையில் ஒட்டுங்கள். முன்பணம் கட்டிவிட்ட பெற்றோர் யாராவது திரும்பக் கேட்டால் பிடித்தம் இல்லாமல் கொடுங்கள்.

விடுதி வைஃபையில் 802.11டபிள்யூ பாதுகாப்பை இந்த மாதமே இயக்குங்கள். அதற்கு ஒரு மாலை நேரம் போதும். உங்கள் நெட்வொர்க் பொறுப்பாளர் சம்மதித்தால் நானே வந்து கூட உட்கார்கிறேன்.

முதலாண்டு வகுப்பு தொடங்கும் வாரத்தில் எனக்கு ஒரு சனிக்கிழமை முழுவதும் ஒதுக்குங்கள். மாணவர்கள் லேப்டாப்போடு வரட்டும். வட்டு பூட்டியிருக்கிறதா, சாவி யார் கணக்கில் இருக்கிறது என்று ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து பார்த்து, 48 இலக்கத்தையும் அவரவர் கையாலேயே நோட்டில் எழுதவைக்கிறேன். போன ஆண்டு சாவி கிடைக்காமல் நின்ற அந்த மாணவி இப்போது வேலையில் இருக்கிறார். தானும் வந்து உதவுவதாகச் சொல்லியிருக்கிறார்.

இந்த மாதக் கடைசிக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். பெற்றோர்கள் லேப்டாப்புக்கு இப்போதே பணம் திரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் பழைய மாணவன்